பாண்டியன் வேடத்துக்கு வேப்பந்தழைக் கண்ணி: வாடாமல் கட்டுவது எப்படி?

கேள்வி (அனுப்பானடி)

வணக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் பள்ளி மாறுவேடப் போட்டியில் பாண்டிய மன்னனாக நிற்கப் போகிறான். தங்கத்தாள் ஒட்டிய கிரீடம் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று படித்துவிட்டு, மதுரையில் இருந்துகொண்டே அவனை வேம்பில்லாமல் மேடையேற்ற எனக்கு மனம் வரவில்லை. நேற்று அட்டை வளையத்தில் வேப்பிலைகளை ஒவ்வொன்றாகப் பசை தடவி ஒட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் அவை ஓரம் சுருண்டு, தொட்டதும் உதிர்ந்துவிட்டன. காலை எட்டு மணிக்கு அணிவித்தால் நண்பகல் வரை தாங்குவதற்கு என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (மேலூர்)

அம்மா, இலையைத் தனித்தனியாகக் கிள்ளியதால்தான் அப்படி ஆயிற்று. இணுக்கு இணுக்காக, காம்போடு கட்டுங்கள். அட்டைக்குப் பதில் தென்னங்குருத்தோலையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஈர்க்கை நீக்கிவிட்டு, இரண்டு மடிப்பாக வைத்து வளையம் செய்தால் நெற்றியில் குத்தாது. வளையத்தை முழுதும் மூடாமல் பின்பக்கம் நாடா வைத்து முடிந்தால் தலைக்குத் தக்கபடி இறுக்கவும் தளர்த்தவும் முடியும். நெற்றியின் நடுவிலிருந்து தொடங்கி, நுனிகள் முன்னோக்கி இருக்கும்படி இருபுறமும் பின்னோக்கிக் கட்டிச் செல்லுங்கள். அடுத்த இணுக்கின் நுனி முந்தியதன் காம்பை மறைத்துவிடும். கட்டுவதற்கு நனைத்த வாழைநார் போதும்.

மறுமொழி (சோழவந்தான்)

மேலே சொன்ன முறை நல்ல முறைதான், நாரைத் தவிர. நனைந்த நார் காய்ந்ததும் மெலிந்து முடிச்சு நெகிழ்ந்துவிடும். என் பேத்தி வனதேவதை வேடம் போட்டபோது மேடையிலேயே ஒரு கொத்து நழுவி அவள் கண்ணை மறைத்தது. பூக்கட்டும் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுங்கள். முந்தைய நாள் மாலையில் முற்றிய இலையுள்ள சிம்புகளாக ஒடித்து, எறும்பு போக நன்றாக உதறி, அடிக்காம்பு மூழ்கும்படி இரவு முழுவதும் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். செம்பு நிறத் தளிர் பார்க்க அழகுதான், ஆனால் அதுதான் முதலில் துவளும். ஆகவே நான்கைந்து தளிர்களை மட்டும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் சென்று, மேடைக்கு அழைக்கும் முன் நெற்றிப்பக்கத்தில் செருகுங்கள். கட்டி முடித்ததைப் பூக்காரர்கள் செய்வதுபோல் வாழையிலையில் பொதிந்து கொண்டுபோனால் போதும். தண்ணீர் தெளித்தால் தங்கத்தாள் நனைந்து உரிந்துவிடும்.

மறுமொழி (திருமங்கலம்)

ஒரு சொல் மட்டும். தலையில் சூடுவது கண்ணி, மார்பில் அணிவது தார். தம்பியிடம் நடுவர் கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழக்கி வையுங்கள். தழை மிஞ்சினால் மார்புக்கும் ஒன்று கட்டலாமே.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை ஏழரை மணிக்கு ஒன்று கட்டி, மகன் தலையில் வைத்து விளையாட அனுப்பினேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது காதோரத்து இணுக்குகள் இரண்டு மட்டுமே தொய்ந்திருந்தன. அந்த இடத்தில் இன்னொரு சுற்று நூல் சுற்றியிருக்கிறேன். தாருக்கும் தழை ஒடித்துத் தண்ணீரில் வைத்தாகிவிட்டது.