குரல் கம்மினால் முதலில் குரல் நாணைப் பார்க்க வேண்டும்: குரல்வளைச் சிகிச்சையில் இருப்பவர்களின் பகிர்வு

காது மூக்கு தொண்டை மருத்துவர்:

குரல் கம்மலோடு வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு மருந்துப் பை இருக்கும். இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக், அசிடிட்டி மாத்திரை, கூடவே ஒரு ஸ்டீராய்டு. பேசும்போது அதிர்ந்து ஒலி தரும் குரல் நாணை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சளியோடு வரும் கம்மல் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். 4 வாரமாகியும் போகாவிட்டால் ஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் குழாய்க் கருவி) போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது அமெரிக்க இ.என்.டி. அகாதமியின் 2018 வழிகாட்டி. பார்ப்பதற்கு முன்பே ஸ்டீராய்டும் அசிடிட்டி மாத்திரையும் எழுதிக் கொடுக்காதீர்கள் என்றும் அது சொல்கிறது.

அந்த 4 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாதவர்கள் உண்டு. பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், கழுத்தில் கட்டி தெரிபவர்கள், மூச்சு விடும்போது சத்தம் வருபவர்கள், சளியில் ரத்தம் கண்டவர்கள், விழுங்கினால் காதுவரை வலி இழுப்பவர்கள், கழுத்திலோ நெஞ்சிலோ ஆபரேஷன் செய்த பிறகு குரல் மாறியவர்கள் உடனே வர வேண்டும். நாணில் தொடங்கும் புற்று மிகச் சிறிதாக இருக்கும்போதே குரலைக் கெடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் லேசரோ, ஆறேழு வாரக் கதிர்வீச்சோ போதும், குரல்வளை தப்பிக்கும். மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். விழுங்குவது எதுவும் நாணைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாய்க்குப் போகிறது, நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில்.

ஸ்கோப் என்றதும் பயப்படுகிறார்கள். மரத்துப்போகும் ஸ்பிரே அடித்து, மூக்கு வழியாக 3, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாயை விடுவோம். அல்லது நாக்கை வெளியே பிடித்துக்கொண்டு வாய் வழியாக நேரான டெலஸ்கோப். 'ஈ' என்று இழுத்துச் சொல்லச் சொல்வோம். சில நிமிட வேலைதான். ஸ்ட்ரோபோஸ்கோப்பி வசதி இருக்கிறதா என்று கேட்டுப் போவது நல்லது. பேசும்போது நாண் ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 130 தடவை, பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவை அதிர்கிறது. கண்ணுக்கு அது பிடிபடாது. ஸ்ட்ரோபின் ஒளி குரலின் வேகத்துக்குச் சற்று விலகி மின்னுவதால் அதே அதிர்வு மெதுவாக ஓடுவதுபோலத் தெரியும். சாதாரண வெளிச்சத்தில் சரியாக இருப்பதாகத் தோன்றும் நாணில் ஒரு இடம் மட்டும் அலையாமல் விறைத்து நிற்கும். சிஸ்ட்டும் (சிறு பை போன்ற கட்டி) தழும்பும் அப்படித்தான் சிக்குகின்றன.

குரல் பயிற்சியாளர் (ஸ்பீச் தெரபிஸ்ட்):

நாட்யூல் எனப்படும் குரல் முடிச்சு பற்றி விரிவாக எழுதுகிறேன், எங்களிடம் அதிகம் வருவது அதுதான். ஆசிரியைகள், மேடைப் பாடகிகள், விளையாடும்போது கத்தும் பிள்ளைகள். இரண்டு நாணிலும், முன்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், எதிரெதிராகத் தடிப்பு வரும். நாண்கள் மோதும் வேகம் அங்கேதான் அதிகம். நடுவில் முட்டிக்கொள்வதால் முன்னும் பின்னும் இடைவெளி விழுந்து காற்று கசியும். காற்று கசிகிறதே என்று இன்னும் அழுத்திப் பேசுவார்கள், தடிப்பு கூடும். இந்தச் சுழலை அறுப்பதுதான் சிகிச்சை. முடிச்சுக்கு முதலில் கத்தி கிடையாது. வாரம் ஒருமுறையாக 6 முதல் 8 வாரம் பயிற்சி, வீட்டில் தினமும் பழக்கம்.

ஸ்ட்ரா பயிற்சியைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. அரை லிட்டர் பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவின் நுனி 2 சென்டிமீட்டர் மட்டும் முழுகும்படி பிடிக்க வேண்டும். உதட்டால் இறுக்கமாகக் கவ்வி 'ஊ' என்று குரல் கொடுத்தால் குமிழி ஒரே சீராக வரும். பிறகு அதே மூச்சில் குரலைத் தாழ்விலிருந்து மேலே ஏற்றி இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. வகுப்புக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் செய்தால் பலன் கூடுதல். வாய்க்குள் எழும் எதிரழுத்தம் நாண்களைச் சற்று விலக்கி வைப்பதால் மோதல் மென்மையாகிறது.

தவறுவது எங்கே? குரலே இல்லாமல் வெறும் காற்றை ஊதுவது முதல் தவறு. தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரிய வேண்டும். அடுத்தது ஸ்ட்ராவை அடிவரை விடுவது. ஆழம் கூடக் கூட ஊதுவதற்கே வலு போய்க் கழுத்து நரம்பு புடைக்கும். மூன்றாவது, மூக்கு வழியாகக் காற்று கசிவது. பாதியில் மூக்கைப் பொத்தினால் குமிழி மாறக் கூடாது, மாறினால் கசிகிறது என்று பொருள்.

குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று கிசுகிசுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அழுத்திக் கிசுகிசுத்தால் பலருக்குத் தொண்டை இன்னும் இறுகும். மெதுவான சொந்தக் குரலில் பேசுவதே மேல். அடிக்கடி செருமுவதையும் நிறுத்துங்கள், ஒவ்வொரு செருமலும் நாண்களை ஒன்றோடொன்று அறைகிறது. செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர். 50, 60 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியவர்களுக்கு, இடுப்பில் மாட்டும் சிறிய ஸ்பீக்கரோடு வரும் மைக் அவசியத் தேவை என்பேன்.

முன்னேற்றத்தை வீட்டிலேயே அளக்கலாம். மூச்சை நன்றாக இழுத்து 'ஆ' என்று எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று பாருங்கள். நல்ல குரலுள்ள பெரியவர்கள் 15 நொடிக்கு மேல் பிடிப்பார்கள். 10 நொடிக்குக் கீழே நின்றால் காற்று வீணாகிறது.

இன்னொன்று, ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டும் குரலைக் கம்மவைக்கும், சிலருக்கு நாணில் பூஞ்சை படியும். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து இழுத்து, ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பயந்து இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்:

கத்தி எப்போது என்று கேட்பவர்களுக்கு: ஒரு பக்க பாலிப் (சதை வளர்ச்சி), சிஸ்ட், பயிற்சி எடுத்தும் கரையாத பழைய முடிச்சு. முழு மயக்கத்தில், 5 அல்லது 6 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் வழியாக மூச்சு கொடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் செய்வது. வெளியே தையல் இருக்காது. நாணின் மேல்தோலுக்குக் கீழே ஜெல்லி போன்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது, குரலின் அலை ஓடுவது அதில்தான். அதைத் தாண்டித் தசைநார்வரை போய்விட்டால் தழும்பாகும், அந்த விறைப்பைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். அதனால்தான் குறைவாக எடுப்பவரே இதில் நல்ல சர்ஜன். வாயில் உலோகக் குழாய் மாட்டுவதால் பல் நுனி உடையலாம், நாக்கு சில நாள் மரத்திருக்கலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சில நாள் முதல் ஒரு வாரம்வரை முழு மௌனம், அதன்பின் பயிற்சியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு.

மூச்சுக்குழாய் போட்டு ஐ.சி.யூ.வில் இருந்தவர்களுக்கு நாணின் பின்முனையில் வரும் கிரானுலோமாவை (உரசிய புண்ணில் வளரும் சதை) வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வளரும். அதற்கு அசிடிட்டி மாத்திரையும் பயிற்சியும்தான் முதலில். ஸ்கோப்பில் பார்த்தபின் அந்த மாத்திரைக்கு இங்கே வேலை இருக்கிறது.

தைராய்டு, குரல் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்:

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் காற்றாகப் போகிறது, தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது, இருமினால் வலு இல்லை என்றால் ஒரு பக்க நாண் அசையாமல் இருக்கலாம். ஆபரேஷனே நடக்காமல் இடது நாண் செயலிழந்தால் நெஞ்சைப் பார்க்க வேண்டும். இடது பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி மேலே ஏறி வருகிறது. நுரையீரல் புற்று, காசநோய் நெறிகள், பெருத்த இதயம் எல்லாம் அதை நசுக்கலாம். இதயத்தால் குரல் போவதை வியன்னாவில் ஆர்ட்னர் என்ற மருத்துவர் 1897இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே மண்டை ஓட்டின் அடியிலிருந்து நெஞ்சுவரை சி.டி. எடுப்போம்.

நரம்பு அறுபடாமல் நசுங்கியிருந்தால் பல மாதங்களில் திரும்பக்கூடும், 9 முதல் 12 மாதம்வரை நிரந்தரச் சிகிச்சைக்குப் போவதில்லை. ஆனால் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஹயலுரானிக் அமிலத்தை நாணில் ஊசியாகப் போட்டால் அது உப்பி நடுவுக்கு வரும், சில மாதம் தாங்கும். புரை ஏறுபவர்கள் தலையைப் பழுதான பக்கம் திருப்பிக்கொண்டு சிறு மிடறாக விழுங்கட்டும், அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும்.

திரும்பாதவர்களுக்கு தைரோபிளாஸ்டி, ஜப்பானில் இஷிகி என்ற மருத்துவர் 1974இல் வெளியிட்ட முறை. மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், ஆள் விழித்திருப்பார். தொண்டையின் முன் குருத்தெலும்பில், நாணின் மட்டத்தில் சிறிய ஜன்னல் வெட்டி, செதுக்கிய சிலிக்கோன் துண்டை உள்ளே தள்ளுவோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிக்கொண்டே அரை மில்லிமீட்டர் கூட்டிக் குறைப்போம். சரியான இடத்தில் பட்டதும் அடுத்த எண் கணீரென்று வரும். ஜன்னல் மேலே தள்ளிப்போனால் குரல் நெரிபடும். வேலை நீண்டால் நாண் வீங்கி, குறைவாகத் தள்ளியதே போதும் என்று தோன்றவைக்கும். வீக்கம் வடிந்ததும் காற்றுக் குரல் திரும்பிவிடும், மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டு நாணும் செயலிழந்தால் நிலைமை தலைகீழ். குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், மூச்சுதான் திணறும். குரல் சரியாக இருக்கிறதே என்று இதை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

குரல் பயிற்சியாளர்:

மகரக்கட்டு உடைந்தும் கீச்சுக் குரலே நிலைத்துவிட்ட இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்மோன் குறை இல்லை என்று உறுதியானபின், 'ஆ' சொல்லும்போது தொண்டையின் முன் குருத்தெலும்பைப் பின்னும் கீழுமாக மெதுவாக அழுத்துவோம், தடித்த குரல் சட்டென்று இறங்கி வரும். பெரும்பாலோருக்குச் சில அமர்வுகளே போதும். அந்தக் குரலோடு வீட்டாரிடமும் நண்பர்களிடமும் பேசப் பழகுவதற்குத்தான் நாள் பிடிக்கும். வீட்டார் சிரிக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்:

குரல்வளையை முழுதாக எடுத்தவர்கள் கழுத்துத் துளையால்தான் மூச்சு விடுகிறார்கள். மயங்கி விழுந்தால் ஆக்ஸிஜனைத் துளையில் கொடுக்க வேண்டும், மூக்கில் வைத்துப் பயனில்லை. இதை அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

பேச்சு வால்வு (மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே போட்ட துளையில் பொருத்துவது) வைத்தவர்களுக்குச் சில மாதத்தில் கசியத் தொடங்கும். நிறமுள்ள ஜூஸ் ஒரு வாய் குடித்து, கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வின் நடுவே கசிந்தால் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். நிற்காவிட்டால் பூஞ்சை படிந்திருக்கும், வால்வை மாற்ற வேண்டும். சுற்றி கசிந்தால் அளவு பொருந்தவில்லை, பிரஷ்ஷால் சரியாகாது. வால்வு கழன்று விழுந்தால் அது இருந்த துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தபடி ரப்பர் கதீட்டரை (மெல்லிய குழாய்) அந்தத் துளையில் செருகி டேப் ஒட்டி அன்றே வாருங்கள். விழுந்த வால்வு கையில் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.