190 செ.மீ. உயரம், 45,000 ரூபாய் பட்ஜெட்: எந்த ரோடு சைக்கிள் எடுக்கலாம்?

அவிநாசிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். உயரம் 190 செ.மீ., எடை 88 கிலோ. இப்போது அண்ணனுடைய 17 அங்குல எம்டிபியைத்தான் (மலைச் சைக்கிள்) ஓட்டுகிறேன். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் போட்டிருக்கும் கடைசிக் கோடு வரை தூக்கியாகிவிட்டது. அப்படியும் பெடல் கீழே போகும்போது கால் நீளுவதில்லை. அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்வந்தால் முழங்காலுக்கு முன்பக்கம் இரண்டு நாள் வலி இருக்கிறது.

அடுத்த வருடம் ஒரு 200 கி.மீ. பி.ஆர்.எம். (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடிக்க வேண்டும் என்று ஆசை. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க இந்த எம்டிபி சரிவராது. கோத்தகிரி ஏற்றமும் ஒருமுறையாவது ஏற வேண்டும்.

ஒரு கடையில் விசாரித்தேன். "எல் சைஸ்தான் இருக்கு, சீட்டைத் தூக்கிக்கலாம், ஸ்டெம்மை நீளமா மாத்திக்கலாம், எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க" என்றார்கள். (ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு.) சைக்கிள் ஷிமானோ சோரா கியர், டிஸ்க் பிரேக், பார்க்க அருமையாக இருக்கிறது. எக்ஸ்எல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்க வேண்டுமா, இல்லை இதை வாங்கிவிடலாமா? பழைய சைக்கிள் என்றாலும் எனக்குச் சரி.

கல்லார் ஏற்றம்:

தம்பி, நானும் 188 செ.மீ.தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கால் அளவு எடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தொடையிடுக்கில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுற்றும் அச்சு) மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை வர வேண்டிய உயரம் கிடைக்கும். சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் காலத்திலிருந்து புழங்கும் கணக்கு இது. மில்லிமீட்டர் சுத்தமாக இருக்காது, தொடங்குவதற்குப் போதும். அப்புறம் ஓட்டிப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். சீட்டைத் தூக்கினால் கால் பிரச்சினை தீரும், அது உண்மை. ஆனால் சீட் போஸ்ட் இறங்கும் ஃபிரேம் குழாயான சீட் ட்யூப் நேராக நிற்பதில்லை, ஏறத்தாழ 73 டிகிரியில் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. 10 செ.மீ. தூக்கினால் சீட் 3 செ.மீ. பின்னாலும் போகும். ஹேண்டில்பார் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக நீங்கள் உயரப் போய், பின்னாலும் போய், அங்கிருந்து குனிந்து எட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் நீள ஸ்டெம் போட்டால் இன்னும் எட்ட வேண்டும். முதல் 30 கி.மீ. தெரியாது. 80-க்கு மேல் கழுத்தும் உள்ளங்கையும் சொல்லும். கோத்தகிரி ரோட்டில் ஏறும்போது எடை முழுக்கப் பின்சக்கரத்தில் விழுந்து முன்சக்கரம் தடுமாறும்.

நம்மைப் போன்ற உயரக்காரர்களுக்கு ஃபிரேமில் ஸ்டேக் என்ற அளவுதான் முக்கியம். கிராங்க் மையத்திலிருந்து ஹெட் ட்யூபின் (ஃபிரேமின் முன்குழாய்) உச்சி வரை நேர்க்குத்தாக எவ்வளவு என்பது அது. கம்பெனி இணையதளத்தில் ஒவ்வொரு சைஸுக்கும் போட்டிருப்பார்கள். உங்கள் உயரத்துக்கு 60 செ.மீ.க்குக் கீழே இருந்தால் நான் தொடமாட்டேன். எல், எக்ஸ்எல் என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எல்லும் இன்னொரு கம்பெனியின் எல்லும் ஒன்றல்ல.

கியர் செட்டைப் பின்னாலும் மாற்றலாம். டயர், சீட், ஹேண்டில்பார் எல்லாம் மாற்றலாம். ஃபிரேம் ஒன்றைத்தான் மாற்ற முடியாது. சோராவுக்கு ஆசைப்பட்டு எல் எடுப்பதைவிட, அதற்கு ஒரு படி கீழே உள்ள கிளாரிஸ் கியரில் எக்ஸ்எல் எடுங்கள். பின்னால் 9 கியருக்குப் பதில் 8 கியர், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டறை அண்ணன்:

மேலே சொன்னது சரி. ரிப்பேர் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சீட் போஸ்ட்டை அந்தக் கோட்டுக்கு மேல் ஒருபோதும் இழுக்காதீர்கள். 88 கிலோ எடை மேலே உட்கார்ந்து ஆட ஆட, சீட் ட்யூபும் டாப் ட்யூபும் (மேல்குழாய்) சேரும் இடத்தில் வெடிப்பு விடும். அலுமினியத்தில் அந்த வெடிப்பைப் பற்றவைத்து ஓட்டச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அடுத்து சக்கரம். உயரமானவர்கள் எடையும் கூட இருப்பார்கள், அந்த எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்குத்தான் போகும். குறைந்த ஸ்போக் போட்ட சக்கரம் பார்க்க நன்றாக இருக்கும், நம் ரோட்டுக் குழியில் இரண்டு முறை இறங்கினால் கோட்டம் எடுக்க வந்துவிடுவீர்கள். பின்னால் 28 ஸ்போக்காவது இருக்கட்டும், 32 என்றால் நிம்மதி. டயர் 28 மி.மீ. போடுகிற அளவுக்கு ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ரோடு சைக்கிள் பலவற்றில் 25-க்கு மேல் ஏறாது.

சிறுவாணி ரோடு:

நான் உயரம் குறைவு, அதனால் அளவு பற்றிப் பேசவில்லை. கோத்தகிரி ஏறியவள் என்பதால் கியர் பற்றி மட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ., 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். முன்னால் 50/34 பற்கள், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பற்கள் இருந்தால் உட்கார்ந்தே ஏறலாம். 28 என்றால் உங்கள் எடைக்கு முழங்கால் தாங்காது, அதுவும் ஏற்கெனவே வலி இருக்கிறது என்கிறீர்கள். விலை குறைவு என்று முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள ட்ரைபன் ஆர்சி100 மாதிரி மாடலை யாராவது சொன்னால், அது சமவெளிக்குச் சரி, நீங்கள் நினைக்கிற மலைக்கு வேண்டாம்.

அவிநாசிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கால் அளவு எடுத்தேன், 92 செ.மீ. கணக்குப்படி சீட் உயரம் 81 செ.மீ. சொச்சம் வருகிறது. கடைக்குப் போய் அந்த எல் சைக்கிளில் 81 வைக்கச் சொன்னேன். கடைசிக் கோடு வெளியே வந்துவிட்டது.

கோவையில் ஒருவர் ஜயண்ட் கன்டெண்ட் எக்ஸ்எல் விற்கிறார். கிளாரிஸ் கியர், ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது), மூன்று வருடம் ஓடியது, 36,000 கேட்கிறார். இன்னும் பார்க்கவில்லை. ரிம் பிரேக் என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

கல்லார் ஏற்றம்:

இந்தப் பக்கம் எக்ஸ்எல் விற்பனைக்கு வருவதே அபூர்வம், நாளைக்கே போய்ப் பாருங்கள். வாங்குகிற ஆளும் குறைவு என்பதால் விலையில் பேச இடம் இருக்கும். ரிம் பிரேக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். நல்ல பிரேக் கட்டை போட்டு, ரிம்மைத் துடைத்து வைத்தால் கோத்தகிரி இறக்கத்துக்குப் போதும். மழையில் மட்டும் கொஞ்சம் முன்னாலேயே பிடிக்கத் தொடங்க வேண்டும்.

போகும்போது டேப் எடுத்துப் போங்கள். சீட்டை 81-க்கு வைத்து, கோடு உள்ளேதான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் ஸ்பேசர் வளையங்கள். விற்பவர் தாழ்வாக ஓட்டுகிறவராக இருந்து ஸ்டெம் மாட்டும் ஃபோர்க் குழாயை வெட்டியிருந்தால், ஹேண்டில்பாரை மறுபடி உயர்த்த வழி குறைவு. ஸ்டெம்மைத் திருப்பிப் போட்டால் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். இரண்டு செ.மீ. வளையமாவது இருந்தால் நல்லது. கிராங்க் கையின் உட்பக்கம் நீளம் பொறித்திருக்கும், 175 (மி.மீ.) என்று இருக்க வேண்டும்.

பட்டறை அண்ணன்:

சீட் ட்யூப் இணைப்பு, ஹெட் ட்யூபின் அடிப்பக்கம், கிராங்க் சுற்றுவட்டம் மூன்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பின்பக்கம் நின்று பார்த்தால் டிரெயிலர் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பாகம்) செங்குத்தாகத் தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று அர்த்தம், அது சின்ன வேலைதான், விலை பேச உதவும். செயினும் பல்சக்கரமும் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது பின்னால் பெரிய பல் 34 வரை கேட்டு வாங்குங்கள். டிரெயிலர் நீளக்கை மாடலாக இருந்தால் கிளாரிஸ் அதைத் தாங்கும். எந்த மாடல் என்று தெரிய டிரெயிலரின் பின்புறம் எழுதியிருப்பதை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.