மறு: சஸ்பென்ஷன் 'சாக்', 'ப்ரீலோடு': தொய்வா, அமர்வா?

> 'சாக்' என்பதற்குத் தொய்வு போதுமே. அகராதியிலும் அதுதான் இருக்கிறது. புதிதாக எதற்கு ஒன்று?

நண்பர்களுக்கு வணக்கம். நம் பைக் பராமரிப்புக் கையேட்டுக்கான சொற்களைப் பற்றிய கேள்விகளுக்கு மறுமொழி இது. 'சாக்' (sag) என்பது எடையைத் தாங்கும்போது சஸ்பென்ஷன் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்ற அளவு.

அகராதியில் இருப்பது சரிதான். கயிறு தொய்யும், மின்கம்பி தொய்யும். ஆனால் பைக் பராமரிப்பில் தொய்வுக்கு ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்தாகிவிட்டது: செயின் தொய்வு. செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து, எத்தனை மி.மீ. ஆடுகிறது என்று பார்ப்போமே, அது. பல சாலை வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கச் சொல்வார்கள். இப்போது நாம் 'பின்பக்கத் தொய்வை 35 மி.மீ. வைக்கவும்' என்று எழுதினால், ஸ்பேனரோடு குந்தியிருப்பவர் செயினைத் தளர்த்தப் போய்விடுவார். இரண்டும் பின்சக்கரத்தை ஒட்டிய அளவு, இரண்டும் மி.மீ., இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலை.

அது போதாதென்று இரண்டுக்கும் உறவும் உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி இறங்குகிறது. முன் பல்சக்கரம், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டை நெருங்க நெருங்க செயின் விறைக்கிறது. இதைத் தொய்வு என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள்: 'தொய்வு கூடினால் தொய்வு குறையும்.' படிப்பவர் கையேட்டை மூடிவைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போய்விடுவார்.

என் பரிந்துரை அமர்வு. காரணம், அந்த அளவை எடுக்கும் முறையிலேயே இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தியோ வேறு வழியிலோ பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளிவரை அளக்கிறோம். 560 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, யாரும் ஏறாமல் அளந்தால் 550. வண்டி தன் எடையிலேயே 10 மி.மீ. அமர்ந்திருக்கிறது. இது தன்னமர்வு. அடுத்து, வழக்கமாக ஓட்டும்போது போடும் ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து ஓட்டுபவர் ஏறி உட்கார, ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும். 525 வந்தால் 35 மி.மீ. அமர்ந்திருக்கிறது. இது ஆளமர்வு. தன்னமர்வு, ஆளமர்வு: இரண்டும் வாயில் எளிதாக வருகின்றன, எது எது என்று விளக்கவும் வேண்டியதில்லை.

அந்த 525 ஒரே தடவையில் கிடைப்பதில்லை என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். சீல்களிலும் புஷ்களிலும் உரசல் இருப்பதால், வண்டியை அழுத்தி மெதுவாக விட்டால் ஓர் இடத்தில் நிற்கும், தூக்கி மெதுவாக விட்டால் வேறோர் இடத்தில் நிற்கும். 522, 528 என்று வந்தால் நடுவில் 525. இரண்டுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால், சொல்லைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு உள்ளே எது இறுகியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

> ப்ரீலோடு = முன்சுமை. இதில் விவாதமே வேண்டாம்.

இதில்தான் விவாதம் வேண்டும். சுமை என்றதும் பின்னால் ஏறுகிற ஆளும் பையும் நினைவுக்கு வரும். ப்ரீலோடு என்பது வண்டி எதையும் தாங்குவதற்கு முன்பே நாம் சுருள்வில்லை எவ்வளவு குறுக்கி வைத்திருக்கிறோம் என்பது. மி.மீ. கணக்கில் சொல்வதும் அதனால்தான். ஆகவே முன்சுருக்கம்.

ஒரு மி.மீ. குறுக்க 10 நியூட்டன் கேட்கும் வில்லை எடுத்துக்கொள்வோம். முன்சுருக்கம் 10 மி.மீ. அதன் மேல் 400 நியூட்டன் வந்தால் வில் மொத்தம் 40 மி.மீ. குறுகும். அதில் 10 முன்பே குறுகியாயிற்று, மிச்சம் 30 தான் அமர்வு. முன்சுருக்கத்தை 15 ஆக்கினால் அமர்வு 25. வில் மட்டும் அதே 10 நியூட்டன் வில்தான். காலரை (வில்லைக் குறுக்கும் திருகு வளையம்) இறுக்கினால் ஸ்பிரிங் 'ஹார்டு' ஆகிவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்தக் கணக்கே பதில். முன்சுமை என்றோ முன்னிறுக்கம் என்றோ பெயர் வைத்தால் அந்த நம்பிக்கைக்கு நாமே முட்டுக்கொடுத்த மாதிரி ஆகும்.

———

> அமர்வு என்றால் கருத்தரங்கின் முதல் அமர்வு, இரண்டாம் அமர்வுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. தாழ்வு என்று வைக்கலாமே? அப்புறம், முன்சுருக்கம் என்பது கட்டுரைக்கு முன்னால் போடும் சுருக்கம் போல இருக்கிறது. முன்னமுக்கம்?

தாழ்வு எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் தாழ்வு என்றாலே குறை என்ற வாசனை வந்துவிடுகிறது. சாக் குறை இல்லையே, இருந்தாக வேண்டிய அளவு. சாலை வண்டிகளில் ஆளமர்வு மொத்த நகர்வில் (சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய முழுத் தூரம்) மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கச் சொல்வது வழக்கம். 120 மி.மீ. நகர்வு உள்ள வண்டியில் 35 என்பது ஏறக்குறைய 29 சதவீதம், நல்ல இடம். அந்த அளவு அமர்ந்திருந்தால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட முடியும். 'தாழ்வு போதவில்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'அமர்வு போதவில்லை' என்பது இயல்பாக இருக்கிறது. பட்டறையிலும் 'பின்பக்கம் ரொம்ப உட்காருது' என்றுதான் பேசுகிறோம், அமர்வு அதற்குப் பக்கத்துச் சொல். கருத்தரங்குக் குழப்பத்துக்கு அஞ்சினால் அட்டவணைத் தலைப்பில் அமர்வளவு என்று போட்டுவிடலாம்.

அமுக்கம் இலங்கைத் தமிழில் அழுத்தத்தைக் குறிக்கும். அமர்வு அளக்கும் முன் டயர் காற்றைச் சரிபார்க்கச் சொல்லி அதே பக்கத்தில் எழுதப்போகிறோம், அங்கே முன்னமுக்கம் வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? முன்சுருக்கத்தில் கட்டுரை வாசனை கொஞ்சம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். கிரீஸ் கையோடு படிப்பவருக்கு அது தோன்றாது.

கடைசியாக ஒரு சோதனை. கையேட்டில் வரக்கூடிய பத்தி ஒன்றைப் புதுச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்:

'பின்பக்க ஆளமர்வு அதிகமாக இருந்தால் வண்டி பின்னால் சரிந்து, முன் ஃபோர்க் மேலும் மல்லாந்து நிற்கும். ஹேண்டில் மந்தமாகும், வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஓடும். முன்சுருக்கத்தைச் சிறிது கூட்டி மறுபடி அளக்கவும். காலரின் புரி இடைவெளி 1.5 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு அவ்வளவு கூடும். ஆளமர்வு சரியான அளவுக்கு வந்தும் தன்னமர்வு ஏறக்குறைய இல்லாமல் போனால், உங்கள் எடைக்கு அந்தச் சுருள்வில் மென்மையானது. முன்சுருக்கத்தால் அதைச் சரிசெய்ய முடியாது, வில்லைத்தான் மாற்ற வேண்டும்.'

எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு இடறும் இடத்தைச் சொல்லுங்கள்.

டேம்பிங்குக்கு (வில்லின் ஆட்டத்தை அடக்குவது) பள்ளிப் பாடநூலில் 'தடையுறு' இருக்கிறது. தடையுறு அலைவு என்று அடைமொழியாக நிற்கும்போது நன்றாக இருக்கிறது, ஆனால் 'ரீபவுண்டு (வில் மீண்டும் நீள்வது) டேம்பிங்கை இரண்டு கிளிக் கூட்டவும்' என்பதற்கு அதை வைத்து வாக்கியம் அமையவில்லை. மீள்தணிப்பு என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.