ரீயூனியன் தீவுக்கு எந்தக் கொடி? மூவர்ணமா, எரிமலையா?

காரைக்கால்_வாணி:
வணக்கம். கொஞ்சம் அவசரம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் இந்தியப் பெருங்கடல் தீவுகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி, ஆளுக்கு ஒரு தீவின் கொடியைப் பிடித்துக்கொண்டு மேடையேற வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு ரீயூனியன் வந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய அட்லஸில் பிரான்சின் நீலம் வெள்ளை சிவப்பு, இணையத்தில் தேடினால் நீலத் துணியில் சிவப்பு முக்கோணம், மஞ்சள் கதிர்கள். எது சரி? யார் வரைந்தது, எதற்காக? தெருமுனைத் தையல்கடை அண்ணன் இரண்டு நாளாகப் படம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் பாட்டி வழியில் யாரோ அந்தத் தீவுக்குக் கப்பலேறிப் போனார்கள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு, அதனால் எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

கொடிமரம்:
வாணி அக்கா, இரண்டுமே சரிதான், ஆனால் வேறு வேறு விதத்தில். ரீயூனியன் 1946லிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம் மாதிரி, கடல் தாண்டி இருக்கிறது, அவ்வளவுதான். 1958 அரசியல் சட்டப்படி குடியரசின் கொடி மூவர்ணம் ஒன்றே, ஆகவே சட்டத்தின் கண்ணில் தீவின் கொடியும் அதுதான். எரிமலைக் கொடியை 1975இல் கி பிஞோலே என்பவர் வரைந்தார். விண்வெளித் துறைப் பொறியாளர், அதே தீவுக்காரர். 2003இல் ரீயூனியனின் கொடி ஆர்வலர் சங்கம் இதைத் தீவின் கொடியாகத் தேர்ந்தெடுத்தது. தீவு மக்களின் கிரியோல் பேச்சில் 'லோ மஹாவேலி' என்பார்கள்.

நீலம் வானம். சிவப்பு முக்கோணம் பிதோன் த லா ஃபுர்னேஸ் எரிமலை, 2,600 மீட்டருக்கு மேல் உயரம், இன்னமும் அடிக்கடி வெடிக்கிற மலை. உச்சியிலிருந்து விரியும் ஐந்து மஞ்சள் கதிர்கள் வெயில். பல திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் சேர்ந்த மக்களையும் அவை குறிக்கின்றன.

நாகை_செல்வம்:
அந்த ஐந்து கதிர் ஐந்து இனத்தைக் குறிக்குது, அதில் ஒன்று தமிழர் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

செந்தெனி_குமார்:
செல்வம் அண்ணா, அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்தக் கூடாது. நான் இங்கே ரீயூனியனின் தலைநகரான சென்-தெனியில் ஆறு வருஷமாக இருக்கிறேன், எண்ணிப் பார்த்தால் ஐந்தில் அடங்காது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் வழி வந்தவர்கள், மலைப்பக்கம் குடியேறிய ஏழை வெள்ளையர்கள், நம் ஆட்கள், குஜராத் முஸ்லிம்கள், சீனர்கள், பிரான்சிலிருந்து பிறகு வந்தவர்கள், கொமோரோக்காரர்கள். நம்மவர்களை இங்கே 'மல்பார்' என்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு மலபாரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, புதுச்சேரி, காரைக்கால், சுற்றியுள்ள தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து போனவர்கள்தான். 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பது பெருகியது, 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் வசமிருந்த ஊர்களிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். வாணி அக்கா வீட்டுப் பேச்சு பெரும்பாலும் அந்தக் காலத்ததாக இருக்கும். ஒரு கதிரை நமக்கென்று எழுதி வாங்க வேண்டியதில்லை, எல்லாக் கதிரும் ஒரே புள்ளியில் சேர்கிறதே, அந்த இடத்தில் நாமும் இருக்கிறோம்.

இந்த முக்கோணம் சும்மா ஒரு வடிவம் இல்லை என்பது இங்கே இருந்தால்தான் புரியும். மலை வெடித்தது என்று செய்தி வந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாகச் சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கம்பளி போர்த்தி, குடும்பம் குடும்பமாகப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். 2007 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு தார்ச்சாலையைத் தாண்டிக் கடலிலேயே போய் விழுந்தது. அந்தப் பாறை மேல் நான் நடந்திருக்கிறேன், கறுப்பு, நொறுங்கின கண்ணாடி மாதிரி செருப்பை அறுக்கும், மழை பெய்தால் இடுக்குகளிலிருந்து ஆவி வரும்.

கொடிமரம்:
குமார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தீவுக்குப் பழைய சின்னம் ஒன்றும் உண்டு, கொடி இல்லை, கேடயம். ஆளுநர் பதவி வகித்த எமில் மெர்வார் 1925இல் வடிவமைத்தது. அதில் தீவின் மிக உயரமான வேறொரு மலையும் மூவாயிரம் மீட்டர் என்பதற்கு MMM என்ற மூன்று ரோமன் எழுத்துகளும் ஒரு கட்டத்தில், 1638இல் தீவை பிரான்சுக்கென்று உரிமை கொண்டாடிய 'சென் அலெக்ஸி' கப்பல் ஒரு கட்டத்தில், பிரான்சை ஆண்ட பூர்போன் அரசர்களின் லில்லிப் பூ ஒன்றில், நெப்போலியனின் தேனீ ஒன்றில். சுற்றி வனிலாச் செடியின் படர்கொடி. கீழே 'எங்கே கொண்டு போனாலும் பூப்பேன்' என்ற பொருளில் லத்தீன் வாசகம், அது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாசகம்.

பாருங்கள், தோட்டத்தில் கரும்பு வெட்டியவனுக்கு அதில் இடமே இல்லை. யார் ஆண்டார்கள் என்ற கணக்கு மட்டும்தான் அந்தக் கேடயம். தீவின் பெயரையே ஆள்கிறவர்கள் மாறும்போதெல்லாம் மாற்றினார்கள், பூர்போன், 1793இல் ரீயூனியன், 1806இல் பொனபார்த், திரும்பப் பூர்போன், 1848இல் மறுபடி ரீயூனியன். எரிமலைக் கொடியில் ராஜாவும் இல்லை, கம்பெனியும் இல்லை. எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

வரைபடம்_ரவி:
எல்லாம் சரி, ஆனால் சங்கம் தேர்ந்தெடுத்ததை அரசுக் கொடி போல் மேடையில் காட்டினால் பிள்ளைகள் தப்பாகப் படிப்பார்களே? பள்ளி என்றால் சட்டப்படி இருப்பதுதான் முறை என்பது என் கருத்து. பசிபிக்கில் பிரான்சுக்குச் சொந்தமான பிரெஞ்சுப் பொலினீசியாவுக்கு 1984இலேயே சொந்தக் கொடி அதிகாரபூர்வமாக வந்துவிட்டது, ரீயூனியனுக்கு அப்படி இல்லை.

செந்தெனி_குமார்:
நியாயமான கேள்வி ரவி. அதனால்தான் ஒரு வரி சொல்லிவிட்டுக் காட்டச் சொல்கிறேன். அங்கீகாரம் பின்னால் வருவதும் உண்டு: கரீபியனில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் நாலு பாம்பு போட்ட பழைய கொடி இருந்தது, 1766இல் கப்பல்களுக்காக வந்தது, அடிமைக் காலத்து நினைவு என்பதால் மக்களுக்கு அதன் மேல் ஆத்திரம். சிவப்பு பச்சை கறுப்புக் கொடியைத்தான் அவர்கள் வருஷக்கணக்காக ஊர்வலங்களில் தூக்கினார்கள், 2023இல் அந்த ஊர் மன்றமே அதை ஏற்றுக்கொண்டது. இங்கேயும் சில நகராட்சிகளில் மூவர்ணத்துக்குப் பக்கத்தில் எரிமலை பறக்கிறது. பந்தயங்களிலும் கார்க் கண்ணாடிகளிலும் நான் பார்ப்பது அதைத்தான்.

காரைக்கால்_வாணி:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். மகளிடம் படித்துக் காட்டினேன், எரிமலைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள், ஓரமாக ஒரு சின்ன மூவர்ணமும் பிடித்துக்கொள்வாளாம், ரவி சார் சொன்னதற்காக. தைப்பது எப்படி என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கொடிமரம்:
மூணடிக்கு இரண்டடி நீலத் துணி எடுங்கள் அக்கா. சரியாக நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி. கீழ் மூலை இரண்டிலிருந்தும் அந்தப் புள்ளிக்குக் கோடு போட்டால் சிவப்பு முக்கோணம் கிடைத்துவிடும். கதிர்கள் அந்தப் புள்ளியில் ஊசி முனையாகத் தொடங்கி ஓரத்துக்குப் போகப் போக அகலமாக வேண்டும், ஒன்று நேர் மேலே, பக்கத்துக்கு இரண்டு. முதலில் மஞ்சளைத் தைத்துவிட்டு, சிவப்பை அதன் மேல் கடைசியாக வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் முனைகள் எல்லாம் அடியில் மறையும். இல்லாவிட்டால் நடுவில் துணி தடித்துப் புடைத்துக்கொள்ளும்.

காரைக்கால்_வாணி:
கடை அண்ணனிடம் காட்டினேன். சிவப்புக்குப் பாவாடைத் துணி மிச்சம் இருக்கிறதாம். நாளை சாயங்காலம் தருகிறேன் என்கிறார்.