மலர்சாராத் தேன்சுரப்பி: ஒரு பரிந்துரை

செடியில் பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் உறுப்பை ஆங்கிலத்தில் extrafloral nectary என்பார்கள். அதற்குத் தமிழில் 'பூப்புறத் தேன்சுரப்பி' என்ற முன்மொழிவு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள் இடறுகிறது. பூப்புறம் என்றால் பூவுக்கு வெளியே என்றும் கொள்ளலாம், பூவின் வெளிப்பக்கம் என்றும் கொள்ளலாம். இச்சுரப்பிகள் பலவும் இருப்பதோ இலையில்.

பூவரசு இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பை ஒட்டி, நடுநரம்பின் மேல் சிறு கீறல் ஒன்று தெரியும். தேன் கசிவது அங்கேதான், எறும்பு மொய்ப்பதும் அங்கேதான். ஆமணக்கில் இலையும் காம்பும் சேரும் இடத்தில் முண்டு முண்டாக இருக்கும். பருத்தியில்தான் சிக்கல்: நடுநரம்பின் அடிப்பக்கக் குழியில் ஒன்று, பூவடிச் செதில்களின் அடியில் சில, புல்லிவட்டத்தின் உள்ளே தனியாக ஒன்று. உள்ளே இருப்பது மகரந்தச் சேர்க்கைக்கு வரும் பூச்சிகளுக்கு. மற்றவற்றுக்கு எறும்புகளே முக்கிய விருந்தாளிகள்.

இடத்தை வைத்துப் பெயரிடுவதா, வேலையை வைத்தா? இது 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்த வழக்கு. தாவரவியலாளர் காஸ்பாரி இடத்தை வைத்துப் பிரித்தார். இன்னொரு தாவரவியலாளர் டெல்பினோ மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகிறதா என்று பார்த்துப் பிரித்தார். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பாயின்செட்டியா செடியின் மஞ்சள் தேன்கிண்ணம் தனிப்பூ எதற்குள்ளும் இல்லை, பூத்தொகுப்பைச் சூழ்ந்த உறையில் இருக்கிறது. ஆனால் செய்வது பூவின் வேலை.

அதனால்தான் 'சாரா' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'அரசு சாரா' என்று சொல்லிப் பழகியதுதான். சார்தல் இடத்தையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். பருத்திச் செதிலின் சுரப்பி பூவை ஒட்டியிருந்தாலும் பூவின் வேலையைச் சாராதது. 'பூசாரா' என்று சேர்த்தெழுதினால் பூசாரி வந்து நிற்கிறார், ஆகவே 'மலர்சாராத் தேன்சுரப்பி'.

இன்னொரு முன்மொழிவான 'காவல் தேன்சுரப்பி' அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேனுக்கு வரும் எறும்பு செடியைக் காவல் காக்கிறதா என்பதைச் செடிக்குச் செடி சோதித்துத்தான் சொல்ல வேண்டும். கருதுகோளைப் பெயரிலேயே ஏற்றிவிடக் கூடாது. 'பூவிலாத் தேன்சுரப்பி' என்பதைப் பெரணிகளுக்கு விட்டுவிடலாம். பூவே பூக்காத பிராக்கன் பெரணியிலும் தேன் சுரக்கிறது!

அப்புறம், சேம்பு இலை விளிம்பில் விடியலில் நீர் சொட்டும் அமைப்பை (hydathode) 'நீர்ச்சுரப்பி' என்பது எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் அங்கே எதுவும் சுரப்பதில்லை. வேரழுத்தம் தள்ளும் நீர், நரம்பு முடியும் இடத்தில் உள்ள துளை வழியே வெளியேறுகிறது, அவ்வளவுதான். அந்தத் துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் இலைத்துளையைப் போல மூடித் திறப்பதும் இல்லை. 'நீர்க்கசிதுளை' போதும்.