உண்மை பேசக் கதை சொன்ன அனுபவங்கள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

என் மூத்தவனுக்கு ஆறு வயது. ‘புலி வருது, புலி வருது’ கதையை அவனுக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பேன். பொய் சொன்னால் ஆபத்து நேரத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் அழுத்திச் சொல்லித்தான் முடிப்பேன்.

போன மாதம் என் மாமனாரின் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. இரண்டு நாள் வீட்டையே புரட்டிப் போட்டோம். அவனும் எங்களோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடினான். மூன்றாம் நாள் துணி மடித்து அடுக்கும்போது, அவனுடைய பழைய சட்டைக்குள் சுற்றி வைத்திருந்த கண்ணாடி கையில் தட்டுப்பட்டது. ஒரு பக்கக் கம்பி முறிந்திருந்தது.

“ஏண்டா பொய் சொன்னே?” என்றேன்.

“நான் பொய்யே சொல்லலையே அம்மா. என்கிட்ட யாரும் கேக்கலையே.”

உண்மைதான். அவனை நாங்கள் கேட்கவே இல்லை. பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்கு மனப்பாடம். உடைத்ததை வந்து சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நீங்கள் எல்லாம் என்ன கதை சொல்கிறீர்கள், அதற்குப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:

உங்கள் மகன் மட்டும் இல்லை அம்மா. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 3 முதல் 7 வயது வரையுள்ள 268 பிள்ளைகளை வைத்து இதையே சோதித்தார்கள். பின்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிப் பிள்ளையைத் தனியே விட்டுப் போவார்கள். திரும்பி வந்து ஒரு கதை வாசித்துக் காட்டிய பிறகு, பார்த்தாயா என்று கேட்பார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும், நம் புலி கதையின் ஓநாய் வடிவமும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனை அப்பா பாராட்டும் கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அதே கதையை, அவன் பொய் சொல்லித் தண்டனை பெற்றதாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் செர்ரி மரக் கதை நடந்ததற்கு ஆதாரம் இல்லை. வாஷிங்டன் இறந்த பிறகு அவர் வரலாற்றை எழுதிய மேசன் வீம்ஸ் என்பவர் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தது அது. விவரம் புரியும் வயதுப் பிள்ளைகளிடம் அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உண்மை பேசச் சொல்லும் கதையை நடந்த வரலாறு என்று சொல்லித் தர எனக்கு மனம் வரவில்லை.

இனி என் தவறு. வகுப்பில் சீனத்து வெறும் தொட்டிக் கதை சொல்லியிருந்தேன். அரசர் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேகவைத்த விதையைக் கொடுத்து வளர்த்து வரச் சொல்வார். மற்றவர்கள் வேறு விதை போட்டுப் பூச்செடியோடு வருவார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் முளைக்காத தொட்டியோடு வந்து நிற்பான். அரியணை அவனுக்கு. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சிறுமி கணக்குத் தாளோடு மேசைக்கு வந்தாள். “மிஸ், இது தப்பு. நீங்க ரைட் போட்டிருக்கீங்க.” அவசரத்தில் இருந்தேன். சிவப்பு மையால் ரைட்டை அடித்து, இரண்டு மதிப்பெண் குறைத்து, “சரி, போ” என்றேன். அவள் தாளை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து போனதை வகுப்பே பார்த்தது. அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க ஒரு பிள்ளைகூட அப்படி வந்து சொல்லவில்லை.

இப்போதும் யாராவது வந்து சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்கிறேன், அது நியாயம். ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு, பிறகுதான் குறைக்கிறேன்.

ஒரு பெண்ணின் அப்பா:

எங்கள் வீட்டில் புண்ணியகோடி. கன்னட நாட்டுப்பாடலாக வந்த பசுக் கதை. புலியிடம் மாட்டிக்கொண்ட பசு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போகும்; சொன்னபடியே திரும்பி வரும். புலி வெட்கப்பட்டு மலையிலிருந்து குதித்து உயிரை விடும்.

பசுவின் வாய்மையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், என் மகள் புலிக்காக அழுகிறாள். ஒன்பது வயது. “புலி ஏன்ப்பா சாகணும்? அதுதானே முதல்ல நம்பிச்சு? பசியோட இருந்தும் விட்டுச்சே!”

இத்தனை வருடம் இந்தக் கதை தெரிந்தும் எனக்கு அது தோன்றியதே இல்லை. யாராவது நம்பி அனுப்பினால்தானே வாக்கைக் காப்பாற்ற முடியும்? நான் அவளை எங்கேயும் அப்படி அனுப்பியதில்லை. தோழி வீட்டுக்குப் போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்வேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, “எத்தனை மணிக்கு வருவே? நீயே சொல்லு” என்று கேட்டேன். ஐந்தரை என்றாள். போனைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. ஐந்து இருபத்தெட்டுக்கு வாசலில் சைக்கிள் சாய்க்கும் சத்தம். மூச்சிரைக்க உள்ளே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, நேராகச் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

இன்னொரு அம்மா:

ஒரே ஒரு விஷயம். தப்பு நடந்த அன்றைக்குக் கதை சொல்லாதீர்கள். நான் அப்படிச் செய்துதான் கெடுத்தேன். இப்போது “ஒரு ஊர்ல” என்று ஆரம்பித்தாலே, “நான் என்ன பண்ணேன்?” என்று கேட்கிறான்.

பேரப்பிள்ளைகள் உள்ள தாத்தா:

அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, எல்லோரும் ஏன் இப்படி உண்மையாக இருக்கக் கூடாது என்று சிறுவயதிலேயே காந்தி ஏங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே காந்திதான் பதினைந்து வயதில் அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து கொஞ்சம் திருடினார். சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். வாயால் சொல்லத் தைரியம் வராமல் கடிதமாக எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

நாடகம் அந்தப் பிள்ளை மனதில் ஆசையை விதைத்தது. அது நிலைத்தது இந்த அப்பாவால்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் அன்று கையை ஓங்கியிருந்தால்? நான் என் மகன்கள்மேல் ஓங்கியிருக்கிறேன். அதனால்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அரிச்சந்திரனைவிட இதை அதிகம் சொல்கிறேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் புலியை ஓரமாக வைத்துவிட்டு விறகுவெட்டி கதை சொன்னேன். தங்கக் கோடரியும் வெள்ளிக் கோடரியும் என்னுடையது இல்லை என்று அவன் சொல்லும் இடத்தில், மகன் குறுக்கே கேட்டான்: “தேவதை ஒண்ணுமே குடுக்கலைன்னா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவனோட கோடரி அவனுக்குத் திரும்பக் கிடைச்சிருக்குமே” என்றேன். சரி என்றான்.

விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. “அம்மா, நூலகப் புத்தகத்துல ஒரு பக்கம் கிழிஞ்சு போச்சு. நான்தான்.” எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன். யானை இருக்கும் பக்கமாம். நாளைக் காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒட்டப் போகிறோம். அப்புறம் நூலகரிடம் அவனே சொல்கிறானாம், நான் பக்கத்தில் நின்றால் போதுமாம்.