406 பீக்கன் எது வாங்கலாம்? கொஞ்சம் அவசரம்

வால்காற்று:
வணக்கம். என் விமானத்துல இருக்கிறது பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் ஈ.எல்.டி. (விமானம் விழுந்தா தானா அபாய சிக்னல் அனுப்புற பெட்டி). ஆண்டுச் சோதனைக்கு இன்னும் பத்து நாள்தான். 406 மெகாஹெர்ட்ஸ் பெட்டிக்கு மாத்திடுங்கன்னு மெக்கானிக் சொல்றார். உள்ளேயே ஜி.பி.எஸ். இருக்கிறது, இல்லாததுன்னு ரெண்டு வகை பார்த்தேன், விலையில நல்ல வித்தியாசம். எதை வாங்கலாம்? இல்ல, பையில ஒரு பி.எல்.பி. (ஆள் கையோட எடுத்துட்டுப் போற சின்ன பீக்கன்) வெச்சுக்கிட்டா போதுமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கார்பரேட்டர்:
என்ன விமானம்? அலுமினியமா, துணியா, கார்பனா? எந்த நாட்டுப் பதிவு? பேனல்ல ஜி.பி.எஸ். இருக்கா?

ரேடியோதாத்தா:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கமே போச்சு. சரி, கேட்டுக்கோங்க தம்பி. 121.5-ஐச் செயற்கைக்கோள்கள் கவனிக்கிறதை 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோட நிறுத்தியாச்சு. இப்போ உங்க பெட்டி அலறினா, மேலே போற விமானி யாராவது அந்த அலைவரிசையைத் திறந்து வெச்சிருந்தாத்தான் உண்டு. 406 அப்படியில்லை, அதைச் செயற்கைக்கோள் கேட்கும். சுமார் 50 விநாடிக்கு ஒரு தடவை, அரை விநாடி நேரம், 5 வாட்ல ஒரு துடிப்பு. அதுக்குள்ள உங்க அடையாள எண் இருக்கும். முறையா பதிவு பண்ணியிருந்தா, யார் விமானம், வீட்டுல யாரைக் கூப்பிடணும்னு மீட்பு மையத்துக்கு உடனே தெரியும். ஜி.பி.எஸ். இல்லேன்னா டாப்ளர் கணக்குல (செயற்கைக்கோள் நகரும்போது சிக்னல் அலைவரிசை மாறுறதை வெச்சு) சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். இருந்தா நூறு மீட்டர் அளவுல சொல்லிடும். இதைக்கூடப் படிக்காம கடைக்குப் போறாங்க.

மலைமுகடு:
நான் பி.எல்.பி. கட்சி. சட்டைப் பைக்குள்ள இருக்கும், விமானம் எரிஞ்சாலும் என்னோட வரும். ஈ.எல்.டி. வால்ல கிடந்து விமானத்தோடவே எரியும்.

கார்பரேட்டர்:
மயங்கிக் கிடக்கிறவர் ஆன்டெனாவை விரிச்சு பட்டனை அழுத்துவாரா? பி.எல்.பி. தானா கிளம்பாது. அமெரிக்கப் பதிவுன்னா அது ஈ.எல்.டி. கணக்குல சேரவும் சேராது. கூடுதலா வெச்சுக்கோங்க, பதிலா வேண்டாம்.

நீலவானம்:
ரெண்டும் வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடத்தை அனுப்புற செயற்கைக்கோள் மெசஞ்சர் வாங்குங்க. விழுறதுக்கு முன்னாடி வந்த தடமே பாதித் தேடலை முடிச்சிடும்.

ரேடியோதாத்தா:
பத்து நிமிஷத்துல நீங்க எவ்வளவு தூரம் பறப்பீங்கன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. மாசச் சந்தா தீர்ந்துபோன அன்னைக்கு விழுந்தா?

டிரிம்டேப்:
எந்தப் பெட்டின்னே சண்டை போடுறீங்க, அதை எப்படி மாட்டுறதுன்னு யாரும் பேசலை. 2010 ஆகஸ்ட் 9, அலாஸ்கா. முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் போன ஆட்டர் விமானம் மலைச்சரிவுல மோதுச்சு. ஒன்பது பேர்ல அஞ்சு பேர் போயிட்டாங்க. அதுல 406 இருந்துச்சு, மோதினதும் கிளம்பவும் செஞ்சுது. ஆனா தட்டைவிட்டுப் பெட்டி கழன்று, ஆன்டெனா தொடர்பு அறுந்துபோச்சு. சிக்னல் யாருக்கும் கேட்கவே இல்லை. வெல்க்ரோ பட்டையை நம்பாதீங்க, உலோகப் பட்டை போடுங்க. பெட்டி மேல இருக்கிற அம்புக்குறி மூக்குப் பக்கம் பார்க்கணும். திரும்பியிருந்தா, பெட்டியைத் தானா கிளப்புற ஜி-சுவிட்ச் மோதின அதிர்ச்சியை உணராது.

வால்காற்று:
ஸாரி, வேலையில மாட்டிக்கிட்டேன். செஸ்னா 172, அலுமினியம். பேனல்ல ஜி.பி.எஸ். இருக்கு.

கார்பரேட்டர்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அப்போ நிலையா மாட்டுற தானியங்கி வகை எடுங்க. உள் ஜி.பி.எஸ். கட்டாயமில்லை, பேனல்ல இருந்து ஒரு வயர் இழுத்து இடத்தை ஊட்டலாம். ஒண்ணு மட்டும் கையேட்டுல பாருங்க: விபத்துல விமான மின்சாரம் அறுந்தாலும், கடைசியா வந்த இடத்தை நினைவுல வெச்சிருக்கிற மாடலா? வயரிங் கூலியையும் சேர்த்துப் பார்த்தா உள் ஜி.பி.எஸ்.தான் லாபமா இருக்கவும் வாய்ப்புண்டு. பழைய 121.5 ஆன்டெனா இதுக்கு ஆகாது, அதையும் மாத்தணும்.

மலைமுகடு:
121.5 செத்துப்போச்சுன்னு தாத்தா சொல்றார். புது 406 பெட்டியும் 121.5-ல கத்துதே, அது எதுக்காம்?

ரேடியோதாத்தா:
செத்துப்போச்சுன்னு நான் சொல்லலை. செயற்கைக்கோள் கேட்காதுன்னேன். பக்கத்துல வந்துட்ட தேடல் குழு திசை பிடிச்சு வர்றதுக்குத்தான் அந்தக் குறைந்த சக்தி ஒலி. படிச்சுட்டு எழுதுங்க.

மலைமுகடு:
"மேலே போற விமானி கேட்டாத்தான் உண்டு"ன்னா என்ன அர்த்தம்? செத்ததுக்குச் சமம்தானே?

ரேடியோதாத்தா:
உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியலைன்னு அர்த்தம்.

நீலவானம்:
ரெண்டு பேரும் விடுங்க. புதுப் பெட்டி மாட்டினதும் நான் பண்ணின கூத்தைச் சொல்றேன். செல்ஃப்-டெஸ்ட்டுக்குப் பதிலா சுவிட்சை 'ஆன்'ல தள்ளிட்டேன். சிவப்பு விளக்கு மின்னுது, ரேடியோவுல சைரன் மாதிரி ஓசை இறங்குது, சூப்பரா வேலை செய்யுதுன்னு ரசிச்சுட்டு நின்னேன். ஒரு நிமிஷம் தாண்டியிருக்கும். கொஞ்ச நேரத்துல போன்: "ஐயா, நீங்க நலமா?" நல்லவேளை, பதிவுல என் எண் சரியா இருந்துச்சு. இல்லேன்னா ஹெலிகாப்டரே வந்திருக்கும்.

டிரிம்டேப்:
😂 அதான் அந்த 50 விநாடி. அதுக்குள்ள அணைச்சிருந்தா முதல் துடிப்பே போயிருக்காது.

வால்காற்று:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு வாலைத் திறந்து பழைய பெட்டியைத் தொட்டேன், வெல்க்ரோ பட்டை கையோட வந்துடுச்சு. பேட்டரிச் சீட்டுல தேதி முடிஞ்சு நாலு வருஷம். உள் ஜி.பி.எஸ். இருக்கிறதையே ஆர்டர் போட்டாச்சு.

கார்பரேட்டர்:
ஆன்டெனாவும் சேர்த்துத்தானே?

டிரிம்டேப்:
நாலு வருஷமா ஆண்டுச் சோதனையில யார் கையெழுத்துப் போட்டது?

கார்பரேட்டர்:
வால்காற்று, ஆன்டெனா?